தரையை விட்டது, ஏறவில்லை: ஹைவெல்ட்டில் ஒரு செஸ்னா 172

ஜனவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒன்றரை மணி. ஜோகன்னஸ்பர்க்கின் தெற்குப் பக்கம், ஹைவெல்ட் என்ற மேட்டுச் சமவெளியில், கடல் மட்டத்திலிருந்து 5,500 அடி உயரத்தில் ஒரு தனியார் ஓடுதளம். நான்கு பேரோடு கிளம்பிய செஸ்னா 172 என்ற ஒற்றை என்ஜின் சிறு விமானம் ரன்வேயின் கடைசிப் பகுதியில்தான் தரையை விட்டது. இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் ஏறவில்லை. வேலியைத் தாண்டியது, எதிரே நின்ற புளூகம் (யூகலிப்டஸ்) மரவரிசைக்கு முன்னால் இருந்த மக்காச்சோள வயலில் இறங்கி நின்றது. மூக்குச் சக்கரம் ஒடிந்தது, ப்ரொப்பெல்லர் வளைந்தது. பின் சீட்டில் இருந்த பெண்மணிக்குத் தோள்பட்டை எலும்பில் விரிசல். மற்ற மூவருக்கும் சிராய்ப்புதான். நெருப்புப் பிடிக்கவில்லை.

என்ஜின் கடைசி வரை ஓடிக்கொண்டிருந்தது. வயலில் இறங்கும் முன் எந்தப் பாகமும் உடையவில்லை, எந்தக் கம்பியும் அறுபடவில்லை. அதனால்தான் இந்தச் சம்பவத்தை உட்கார்ந்து எழுதுகிறேன். பழுது என்று கை காட்ட ஒன்றும் இல்லாத விபத்துகளில்தான் எடை, காற்று, வேகம் மூன்றும் செய்யும் வேலை மறைப்பில்லாமல் தெரியும்.

விமானத்தை ஓட்டியவர் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த தம்பி. என்னை அண்ணா என்று கூப்பிடும் பழக்கம். உரிமம் வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. ஏறத்தாழ 180 மணி நேரம் ஓட்டியிருக்கிறார், அதில் பெரும்பகுதி டர்பன் கடலோரத்தில். விபத்தைப் பற்றி முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டார், விசாரணை அதன் வழியில் நடக்கும். அது தனி. எடைக் காகிதம், எரிபொருள் ரசீது, பின் சீட்டிலிருந்து அவருடைய மச்சான் கைபேசியில் எடுத்த வீடியோ எல்லாவற்றையும் என் முன்னால் வைத்து, "எழுதுங்க அண்ணா, கடலோரத்திலிருந்து மேலே போகிறவர்கள் படிக்கட்டும்" என்றார். யாருடைய பெயரும் இதில் வேண்டாம் என்பது மட்டும் நிபந்தனை.

வெள்ளிக்கிழமை சொன்ன பொய்

ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். தம்பி, அவருடைய தாய்மாமா, மாமி, மாமா மகன் என்று நான்கு பேர். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வர்ஜீனியா விமான நிலையத்தில் ஏறினார்கள். டர்பனின் வடக்கில் கடலை ஒட்டிய அந்த இடத்தின் உயரம் வெறும் 20 அடி. வெயில் இன்னும் ஏறாத நேரம், 24 பாகை செல்சியஸ். டேங்க் நிறைய எரிபொருள், 20 கிலோ போல பைகள்.

இந்த விமானம் 1970களின் கடைசியில் செய்தது, 160 குதிரைத்திறன் என்ஜின். புறப்படும்போது இருக்கலாம் என்று கையேடு அனுமதிக்கும் அதிகபட்ச எடை 2,300 பவுண்டு, அதாவது 1,043 கிலோ. கடைசியாகத் தராசில் ஏற்றியபோது வெறும் விமானம் 660 கிலோ இருந்திருக்கிறது. நான்கு பேரும் சேர்ந்து 319 கிலோ. முழு டேங்க் 151 லிட்டர், 109 கிலோ. பைகளையும் கூட்டினால் 1,108. வெள்ளிக்கிழமையே 65 கிலோ அதிகம்.

ஆனாலும் அது சுலபமாக எழும்பியது. கடல் மட்டத்துக் குளிர்ந்த கனமான காற்று, எதிரே லேசான காற்று வேறு. போய்ச் சேருவதற்குள் 60 கிலோ எரிபொருள் எரிந்துவிட்டதால், ஹைவெல்ட்டில் இறங்கும்போது எடை ஏறக்குறைய வரம்புக்கே வந்திருந்தது. இறக்கத்திலும் எந்தத் தொந்தரவும் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை மாமா, "கனமா இருக்காதா தம்பி?" என்று கேட்டபோது, "வரும்போது வந்துச்சே மாமா" என்று தம்பியால் மனசாரச் சொல்ல முடிந்தது.

இந்தப் பதிலைத்தான் நான் இந்த விபத்தின் வேர் என்று சொல்வேன். அலட்சியத்தில் வந்த பதில் இல்லை. தன் கண்ணால் பார்த்த ஒரு விஷயத்திலிருந்து அவர் முடிவெடுத்தார். ஆனால் வெள்ளிக்கிழமை வர்ஜீனியாவில் எழும்பியது என்பது வெள்ளிக்கிழமையைப் பற்றியும் வர்ஜீனியாவைப் பற்றியும் மட்டுமே சொல்லும் செய்தி.

ஞாயிற்றுக்கிழமை எடை

கல்யாண வீட்டில் வெறும் கையோடு அனுப்புவார்களா? பலகார டின்கள், புடவைப் பை, ஜோடிக் குத்துவிளக்கு. தம்பி ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, மொத்தம் இருபது, இருபத்திரண்டு இருக்கும் என்று மனதில் போட்டுக்கொண்டார். விபத்துக்குப் பிறகு அதே சாமான்களைக் கொக்கித் தராசில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். ஒரு குத்துவிளக்கு மட்டும் 6 கிலோ. மொத்தம் 41.

எரிபொருளும் அங்கே டிரம்மிலிருந்து பம்ப் போட்டு முழுக்க நிரப்பியாயிற்று. வழியில் மழை இருந்தால் சுற்றிப் போக வேண்டியிருக்கும் என்று நினைத்தார், நியாயமான நினைப்புதான். 660, 319, 41, 109. கூட்டினால் 1,129 கிலோ. வரம்பைவிட 86 கிலோ, அதாவது நூற்றுக்கு எட்டு, அதிகம்.

எட்டு சதவீதம் என்றால் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். கனமான விமானத்தைக் காற்று தாங்க வேண்டுமானால் இன்னும் வேகமாக ஓட வேண்டும். அந்த வேகத்தை எட்ட அதிக சக்தி வேண்டும், வேகம் கூடும் வீதமும் கனத்தால் குறைகிறது. இரண்டும் சேர்ந்து, தரையில் ஓடும் தூரம் எடையின் வர்க்கத்தை ஒட்டிப் போகும். எட்டு சதவீத எடைக்குப் பதினேழு சதவீதம் அதிக ஓட்டம். இதோடு நின்றிருந்தால் அன்று ஒன்றும் ஆகியிருக்காது.

5,500 அடி எப்படி 8,700 அடி ஆனது

கடல் மட்டத்தில் 15 பாகை என்று வைத்து, ஆயிரம் அடிக்கு இரண்டு பாகை வீதம் குறைத்துக்கொண்டே போவதுதான் விமானக் கணக்குக்கு அடிப்படையான பொதுவான வானம். அந்தக் கணக்கில் 5,500 அடியில் 4 பாகை இருக்க வேண்டும். அன்று நிழலில் 31. வித்தியாசம் 27 பாகை. ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 120 அடி கூட்டுவது வழக்கம். காற்றழுத்தம் சராசரியாக இருந்தது என்று கொண்டால், விமானம் உணரும் உயரம் 8,700 அடிக்கு மேல் போகிறது. இதைத்தான் அடர்த்தி உயரம் என்கிறோம். கண்ணுக்கு எதிரே சமதரை, புல், வேலி. இறக்கைக்கும் என்ஜினுக்குமோ அது மலை உச்சிக் காற்று.

கடல் மட்டத்துக் காற்றோடு ஒப்பிட்டால் அந்த உயரத்தில் அடர்த்தி முக்கால் பங்குக்குச் சற்று மேல். டர்போ இல்லாத என்ஜின் குடிக்கும் காற்று குறைந்தால் தரும் சக்தியும் குறையும். 160 குதிரை 118 அளவுக்கு இறங்கிவிடும். ப்ரொப்பெல்லரும் ஒரு இறக்கைதான், மெல்லிய காற்றை அதனால் பலமாகப் பின்னுக்குத் தள்ள முடியாது. பிரதான இறக்கைக்குத் தூக்குவிசை கிடைக்க, உண்மையான வேகம் பதினான்கு சதவீதம் கூட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வேகமானி காட்டும் எண் காற்றின் அழுத்தத்தில் வேலை செய்வதால், அது கடலோரத்தில் காட்டும் அதே 50, 55 நாட்தான் (ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர்) காட்டும். கீழே ஓடும் தரைதான் வேகமாக ஓடும். பழக்கப்பட்ட கண்ணுக்கு, "இவ்வளவு வேகமாப் போறோமே, இன்னும் ஏன் எழும்பல?" என்று தோன்றி, கை தானாக மூக்கைத் தூக்கப் பார்க்கும்.

ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் 4,400 மீட்டருக்கும் நீளமான ஒரு ஓடுதளம் இருக்கிறது. அதுவும் 5,558 அடி உயரத்து மண். பெரிய ஜெட் விமானங்களுக்கே அந்தக் காற்றில் அவ்வளவு இடம் தேவைப்படுகிறது என்பதைப் பயணிகளாகப் போகும் நாம் யோசிப்பதில்லை.

இந்த ரகத்துக்குக் கடல் மட்டத்தில், பொதுவான வானத்தில், தரையில் ஓடும் தூரம் 805 அடி, அதாவது 245 மீட்டர். 50 அடி உயரத் தடையைத் தாண்ட மொத்தம் 440 மீட்டர். புது விமானம், தேர்ந்த விமானி, சரியான எடை என்று வைத்து எழுதிய எண்கள் அவை. 8,700 அடி அடர்த்தி உயரத்தில் இவற்றை இரட்டிப்பாக எடுத்துக்கொள்வேன். 490 மீட்டர் ஓட்டம். அதிக எடைக்குப் பதினேழு சதவீதம் கூட்டினால் 570. இனி காற்று.

தென்மேற்கில் மழை மேகம் திரண்டுகொண்டிருந்தது. ஹைவெல்ட்டின் கோடைப் பிற்பகல் அப்படித்தான். மழைக்கு முன் கிளம்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில், விமானம் நின்ற முனையிலிருந்தே ஓடத் தொடங்கினார். காற்றின் திசை காட்டும் துணிப் பை தொங்கிக்கொண்டிருந்தது என்கிறார். வீடியோவில் ஓட்டம் தொடங்கிய சில நொடிகளில் அது நிமிர்ந்து, விமானம் போகும் திசையிலேயே நீள்கிறது. முதுகுக் காற்று நான்கு நாட் இருக்கும். இரண்டு நாட்டுக்குப் பத்து சதவீதம் கூட்டு என்கிறது கையேடு. ஆக 690 மீட்டர் பக்கம். ரன்வே ஆயிரம் மீட்டர்.

இவ்வளவுக்குப் பிறகும் இடம் மிச்சம் இருந்தது. ஆனால் விமானம் தரையை விட்டது 900 மீட்டரைத் தாண்டி. மீதி இருநூறுக்கு மேற்பட்ட மீட்டரை எது தின்றது?

சிவப்புக் குமிழ்

வீடியோவைப் பல முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மச்சான் இரண்டு சீட்டுக்கும் நடுவில் கைபேசியை நீட்டிப் பிடித்திருக்கிறார். என்ஜினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் முழுக்க உள்ளே. அதன் வலப்பக்கம் மிக்ஸ்சர், காற்றோடு எவ்வளவு பெட்ரோல் கலப்பது என்று தீர்மானிக்கும் சிவப்புக் குமிழ், அதுவும் முழுக்க உள்ளே.

கடலோரத்தில் அதுதான் சரி. புறப்படும்போது மிக்ஸ்சர் முழுசாக உள்ளே என்றுதான் பழகுகிறோம், பட்டியலைப் படித்துப் படித்து விரல் அங்கேயே போய் நிற்கும். மேலே, காற்று குறைந்த இடத்தில், அதே அளவு பெட்ரோல் ஊற்றினால் எரிவதற்குக் காற்று போதாது. என்ஜின் மூச்சுத் திணறிச் சக்தியை இழக்கும். 3,000 அடிக்கு மேலுள்ள இடத்தில் புறப்படும் முன், பிரேக்கைப் பிடித்து முழு த்ராட்டில் கொடுத்து, சுழற்சி உச்சத்துக்கு வரும் வரை மிக்ஸ்சரை வெளியே இழுக்கச் சொல்லி இந்த விமானத்தின் கையேட்டிலேயே இருக்கிறது. தம்பி அதைப் படித்திருக்கிறார், தேர்விலும் எழுதியிருக்கிறார். பயிற்சி முழுக்க வர்ஜீனியாவில் நடந்ததால் கை ஒருமுறைகூடச் செய்ததில்லை. இதில் அவரைவிட, மேலே அழைத்துப் போய்க் காட்டாத பயிற்சி முறையைத்தான் எனக்குக் குறை சொல்லத் தோன்றுகிறது.

எவ்வளவு சக்தி போயிருக்கும்? சுழற்சிமானி வீடியோவில் மங்கலாகத் தெரிகிறது, வழக்கத்தைவிடக் கீழே நிற்கிறது. பத்தில் ஒரு பங்கு என்று கணக்குக்கு எடுத்துக்கொண்டேன். குறைவாகவே எடுத்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். என்ஜினின் வயதையும் சேர்த்தால் மீதித் தூரத்துக்குக் கணக்கு பொருந்துகிறது.

இருபத்தைந்து குதிரைகள்

ஓட்டத்தைவிட ஏற்றம்தான் இந்தச் சம்பவத்தின் மையம். தரையில் உருளவும், காற்றில் மட்டமாகப் பறக்கவும், மேலே ஏறவும் ஒரே என்ஜின்தான். மட்டமாகப் பறக்கத் தேவையானது போக மிஞ்சும் சக்தியால் மட்டுமே விமானம் ஏற முடியும்.

இந்த ரகம் கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 770 அடி ஏறும். 14,200 அடியில் நூறு அடியாகச் சுருங்கும். இடையில் நேர்கோடு போட்டால் 8,700 அடியில் சுமார் 360. அனுமதிக்கப்பட்ட 1,043 கிலோவை நிமிடத்துக்கு 360 அடி தூக்கத் தேவையான சக்தி ஏறக்குறைய 25 குதிரைத்திறன். அவ்வளவுதான். 160 என்று பெயர்ப் பலகையில் எழுதிய என்ஜினிடம் அந்தப் பிற்பகலில் ஏறுவதற்கென்று மிஞ்சியது 25.

இப்போது கழித்துக்கொண்டே வருவோம். 86 கிலோ அதிக எடைக்காக மட்டமாகப் பறக்கவே கூடுதலாக ஏழு குதிரை வேண்டும். மீதி 18. ப்ரொப்பெல்லரின் இழப்பு போக மிக்ஸ்சர் தின்றது எட்டு, ஒன்பது. மீதி ஒன்பதோ பத்தோ. அந்தப் பத்தை 1,129 கிலோவுக்குக் கொடுத்தால் நிமிடத்துக்கு 125 அடி. விமானம் நிமிடத்துக்கு 1,800 மீட்டருக்கு மேல் முன்னால் ஓடுகிறது. ரன்வே முனையிலிருந்து புளூகம் மரங்கள் நானூறு மீட்டர். அந்தத் தூரத்தில் அது சம்பாதிக்கக்கூடிய உயரம் எட்டு மீட்டர். மரங்கள் பதினைந்து மீட்டருக்குக் குறையாது.

அந்த எட்டு மீட்டரும் சரியான வேகத்தில், 70 நாட் பக்கத்தில் பறந்தால்தான். தம்பி தரையை விட்டது 52-ல். இறக்கை தூக்குவிசையை இழக்கப் போகிறது (ஸ்டால்) என்று எச்சரிக்கும் ஹாரன் விட்டு விட்டு ஊதுவது வீடியோவில் கேட்கிறது. இவ்வளவு மெதுவாகப் பறக்கும்போது, காற்றை வளைத்துக் கீழே தள்ளுவதற்கே இறக்கை பெரிய விலை கொடுக்கிறது. மூக்கைத் தூக்கத் தூக்கப் பின்னிழுவிசை கூடும், மிச்ச சக்தி பூஜ்யத்துக்குப் போகும்.

அப்படியென்றால் முதலில் தரையை விட்டது எப்படி? இறக்கை தரைக்கு மிக அருகில் இருக்கும்போது, அதன் முனையில் சுழலும் காற்றுக்குச் சுழல இடம் கிடைப்பதில்லை. அதனால் தூக்குவிசையோடு ஒட்டி வரும் பின்னிழுவிசை குறைகிறது. முனைக்கு முனை அளந்த இறக்கையின் முழு அகலத்தில் பத்தில் ஒரு பங்கு உயரத்தில் கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும், கால் பங்கு உயரத்தில் நாலில் ஒரு பங்குதான் குறையும், முழு அகலத்தின் உயரத்துக்குப் போனால் சலுகை ஏறக்குறைய இல்லை. இந்த விமானத்தின் இறக்கை அகலம் 11 மீட்டர். இரண்டு மீட்டர் உயரத்தில் மிதக்க முடிகிற விமானத்துக்குப் பத்து மீட்டருக்குப் போகத் திராணி இல்லாமல் இருக்கலாம். தரையை விட்டாயிற்றே என்ற நிம்மதி அந்த இரண்டு மீட்டரில்தான் ஏமாற்றும்.

விமானிகள் சொல்லிக்கொள்ளும் ஒரு விதி உண்டு: ரன்வேயில் பாதி முடியும்போது, எழும்பும் வேகத்தில் நூற்றுக்கு எழுபது வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்திவிடு. நான் ஆவலோடு வீடியோவில் அந்த இடத்தைத் தேடினேன். பாதி ரன்வே குறியைத் தாண்டும்போது முள் 36 நாட்டைத் தொட்டிருக்கிறது. 52-க்கு எழுபது சதவீதம் 36.4. விதிப்படியே பார்த்தாலும் போகலாம், நிறுத்தலாம் என்று இரண்டும் சொல்லலாம். அந்த விதி, சக்கரம் ரன்வேக்குள் தரையை விடுமா என்பதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். அதற்கப்புறம் ஏறுமா என்று அதைக் கேட்டுப் பயனில்லை. கடலோரத்தில் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றாக இருப்பதால் நாம் இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பழகிவிடுகிறோம்.

எடை எங்கே உட்கார்ந்தது

எடை மையத்தையும் போட்டுப் பார்த்தேன். என்ஜினுக்குப் பின்னாலுள்ள தடுப்புத் தகட்டிலிருந்து தூரம் அளப்பார்கள். முன் சீட் 94 சென்டிமீட்டர், பின் சீட் 185, சாமான் அறை 241. கணக்குப்படி மையம் 117-ல் விழுகிறது. பின் எல்லை 120. உள்ளேதான் இருக்கிறது.

"அப்ப அது சரிதானே அண்ணா?" என்று தம்பி கேட்டார். சரி என்று சொல்ல முடியாது. எல்லைக் கோடுகள் வரைந்த கட்டம் 1,043 கிலோவில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் யாரும் சோதித்துப் பார்த்து வரைந்து கொடுக்கவில்லை. சைக்கிள் கேரியரில் மூட்டை வைத்தால் முன்சக்கரம் லேசாவது போல, பின்பாரம் கூடிய விமானத்தில் மூக்கு சின்ன இழுப்புக்கே எழுந்துகொள்ளும். 52 நாட்டில் மூக்கு அவ்வளவு சுலபமாக எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வேகம் வரும் முன்பே வா வா என்று விமானமே கூப்பிட்டிருக்கிறது.

மையம் எல்லைக்குப் பின்னால் போய்விட்டால் நிலைமை இன்னும் கொடியது, எழுந்த மூக்கைக் கீழே தள்ளவே முடியாமல் போகும். 2001 ஆகஸ்ட் 25-ல் பஹாமாஸ் தீவில் பாடகி ஆலியா உட்பட 9 பேர் இறந்த செஸ்னா 402 விபத்தில், எடையும் வரம்பு மீறியிருந்தது, எடை மையமும் பின் எல்லையைத் தாண்டியிருந்தது.

ஆனால் நம் சம்பவத்துக்கு மிக நெருக்கமானது 1996 ஏப்ரல் 11-ல் அமெரிக்காவின் ஷயான் நகரில் நடந்தது. ஜெசிகா டுப்ராஃப் என்ற ஏழு வயதுச் சிறுமி நாட்டைக் குறுக்காகப் பறந்து கடக்கிறாள் என்று பத்திரிகைகள் கொண்டாடிய பயணம். உண்மையில் பொறுப்பு விமானி பக்கத்தில் இருந்த பயிற்றுநர், பின்னால் சிறுமியின் தந்தை. நிலையத்தின் உயரம் 6,156 அடி, அடர்த்தி உயரம் 6,670. விமானம் 96 பவுண்டு அதிக எடையோடு, இடிமழை நெருங்கும்போது கிளம்பி, வேகம் இழந்து ஸ்டால் ஆகி விழுந்தது. மூவரும் இறந்தார்கள். அதிகாரபூர்வ விசாரணை காரணங்களைச் சொல்லும்போது எடையையும், விமானிக்குப் பழக்கமில்லாத அடர்த்தி உயரத்தையும், குறித்த நேரத்தில் போய்ச் சேரும் அவசரத்தையும் சேர்த்தே சொன்னது. தம்பியின் 86 கிலோ 190 பவுண்டு. ஷயானைவிட இரண்டு மடங்கு.

வயலில் அந்தக் கடைசி நொடிகள்

தம்பியின் மிகப் பெரிய நல்ல முடிவு இங்கேதான் இருக்கிறது. வேலியைத் தாண்டியதும் மரங்கள் வளர்ந்துகொண்டே வருகின்றன. மாமா, "திருப்பு, திருப்பு" என்று கத்துவது வீடியோவில் பதிவாகியிருக்கிறது. தம்பி திருப்பவில்லை.

சாய்ந்து திரும்பும்போது இறக்கை எடையையும் தாங்க வேண்டும், வளைவுக்கும் இழுக்க வேண்டும். 30 பாகை சாய்வில் எடை பதினைந்து சதவீதம் கூடிய மாதிரி, ஸ்டால் வேகம் ஏழு சதவீதம் ஏறும். 45-ல் பத்தொன்பது சதவீதம். 60-ல் எடை இரட்டிப்பு, ஸ்டால் வேகம் நாற்பத்தொரு சதவீதம் மேலே. அந்த விமானத்தின் ஸ்டால் வேகம் அதிக எடையால் ஏற்கனவே 50-லிருந்து 52-க்கு வந்திருந்தது, அவர் பறந்துகொண்டிருந்த வேகமும் அதுவே. 30 பாகை சாய்த்திருந்தால் 56 வேண்டும், கையில் இருந்தது 52. உள்பக்க இறக்கை விழுந்து, தலைகீழாக மண்ணில் குத்தியிருக்கும். அவர் த்ராட்டிலை இழுத்துவிட்டு, மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, இறக்கையை மட்டமாக வைத்து நேரே வயலில் இறக்கினார். நான்கு உயிரைக் காப்பாற்றியது அந்த முடிவு, இதை அவரிடம் பலமுறை சொல்லிவிட்டேன்.

தரையைத் தொட்ட உண்மையான வேகம் 60 நாட் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 31 மீட்டர். சக்கரத் தடம் 70 மீட்டர். சராசரியாக ஈர்ப்பில் பத்துக்கு ஏழு பங்கு வேகக்குறைப்பு, காரில் பலமாக பிரேக் போட்டது போன்ற அளவு. ஈர மண்ணும் இளம் மக்காச்சோளமும் செய்த உதவி அது. ஆனால் மூக்குச் சக்கரம் புதைந்து ஒடிந்த அந்தக் கணத்தில் இது பல மடங்கு ஏறியிருக்க வேண்டும். சாமான் அறையில் வலை இருந்தது, மாட்டவில்லை. குத்துவிளக்கு வைத்த அட்டைப் பெட்டி சீட்டுக்கு மேலாகப் பறந்து வந்தது. 6 கிலோ விளக்கு ஆறு மடங்கு ஈர்ப்பில் 36 கிலோ. மாமியின் தோள் எலும்பில் விரிசல் விட்டது மண்ணால் இல்லை, அந்த விளக்கால்.

இன்னொன்று, விமானத்தின் உடம்பைப் பற்றி. இந்த வகையை 3.8 மடங்கு ஈர்ப்பு வரை தாங்கக் கட்டியிருக்கிறார்கள், அது 1,043 கிலோவுக்குச் சொன்னது. 1,129-ல் இறக்கையின் அதே வலிமை மூன்றரை மடங்குக்குத்தான் வரும். டிராகன்ஸ்பர்க் ஓரத்துக் கோடைக் குலுக்கலில் அந்த வித்தியாசம் முக்கியம். அன்று எழும்பியிருந்தால் அவர்கள் வழி அந்த மலை ஓரமாகத்தான்.

மாமி கேட்டது

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது மாமி கேட்டது ஒன்றே ஒன்று: "நான் ஏறாம இருந்திருந்தா ஒழுங்காப் போயிருக்குமா?" மூன்று நாளாக அதை மனதில் வைத்துப் புழுங்கியிருக்கிறார். பதில் சொல்லும் முன் கணக்குப் போட்டேன்.

மாமி 68 கிலோ. அவர் இல்லாவிட்டால் 1,061. இன்னும் 18 கிலோ அதிகம். மிக்ஸ்சர் அப்படியே, காற்று அப்படியே என்றால் ஏற்றம் நிமிடத்துக்கு இருநூறு அடி சொச்சம். சற்று முன்னதாகத் தரையை விட்டிருக்கும், மர உச்சியை உரசிக்கொண்டு போயிருக்கலாம், உரசி விழுந்தும் இருக்கலாம். அப்படி விழுந்திருந்தால் வயலில் இறங்கியதைவிட மோசம். அப்புறம் வேறு விதமாகப் போட்டேன். அதே நான்கு பேரும் அதே சாமானும், ஆனால் காலை ஆறு மணி, 16 பாகை. அடர்த்தி உயரம் 7,000-க்குக் கீழே வந்துவிடும். மிக்ஸ்சரைச் சரியாக இழுத்து, காற்றுக்கு எதிர் முனையிலிருந்து ஓடினால் மரத்துக்கு மேலே போகும். போகும் என்பதால் அது முறையாகிவிடாது, எடை மீறல் மீறல்தான்.

முறையாகப் போவதென்றால்? 1,043-லிருந்து வெறும் விமானமும் நான்கு பேரும் போக 64 கிலோ மிச்சம். ஒரு பை கூட இல்லாமல் 89 லிட்டர் எரிபொருள். டர்பனுக்குப் போகவே 85 லிட்டர், கையிருப்புக்கு இன்னும் இருபத்தைந்து. நால்வரும் ஒரே மூச்சில் டர்பன் போவது இந்த விமானத்தில் நடக்காத காரியம். வெள்ளிக்கிழமையே நடக்காத காரியம்தான். இரண்டு பேர் சாமானோடு என்-3 சாலையில் காரில் வந்திருந்தால் மற்ற இருவர் முழு டேங்க்கோடு, 1,043-க்கு வெகு கீழே, நிம்மதியாகப் பறந்திருக்கலாம்.

மாமியிடம் சுருக்கமாகச் சொன்னேன்: "உங்க 68 கிலோ இல்ல மாமி. சிவப்புக் குமிழ் ஒரு பங்கு, முதுகுக் காத்து ஒரு பங்கு, வெயில் பெரிய பங்கு. நாலு பேரையும் டேங்க்கையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்காதது எல்லாத்துக்கும் முந்தி." அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தலையாட்டினார்.

விமானம் இப்போது பட்டறையில். ப்ரொப்பெல்லர் தரையில் அடித்தால் என்ஜினையும் முழுக்கப் பிரித்துப் பார்க்க வேண்டும், அது மாதக் கணக்கில் ஆகும். அதுவரை தம்பி, ஜோகன்னஸ்பர்க் பக்கமுள்ள ராண்ட் விமான நிலையத்தில் ஒரு பயிற்றுநரை வைத்துக்கொண்டு, 5,483 அடியில், வெயில் நேரத்தில், எடை ஏற்றி ஏற்றிப் புறப்படப் பழகுகிறார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் கணக்குப் போட்ட தூரத்தையும் உண்மையில் ஓடிய தூரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புகிறார். முதல் வாரத்தில் உண்மைத் தூரம் எப்போதும் கணக்கைவிட நூறு மீட்டர் போல அதிகமாக வந்தது. இப்போது முப்பதுக்குள் வருகிறது.